எதைக் கேட்கலாம் என்று யார் சொல்வது? மடுல்கலைக்கு வந்த பிரேஸ்கேடிலின் கதை

என் அப்பாயி மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். கொழுந்து பறிக்கப் போன சிறுமிப் பருவத்துச் சம்பவமொன்றை அவர் அடிக்கடி சொல்வார். ஒருநாள் காலை பெரட்டுக்களத்தில் பெரிய கங்காணி எல்லோரையும் நிறுத்தி வைத்து ஓர் அறிவிப்புச் செய்தாராம். ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற வெள்ளைக்காரன் ஒருவன் இருக்கிறான், அவன் பேச்சைக் கேட்க யாரும் போகக்கூடாது, போனால் பத்துச்சீட்டுதான் என்று. அந்த வெள்ளைக்காரனின் பெயர் அப்பாயிக்குத் தெரியாது. அவர் பேசியதைக் கேட்டதும் இல்லை. ஆனால் கங்காணியின் அந்த அறிவிப்பை மட்டும் அறுபது வருடங்களாக அவர் மறக்கவில்லை. அரைப்பேர் போட்டதையும் அரிசியில் குறைத்ததையும் சொல்லும்போது வராத கோபம், இதைச் சொல்லும்போது அவருக்கு வரும். கையும் காலும் தோட்டத்துக்குச் சொந்தமென்றால் காதுமா சொந்தம் என்று கேட்பார்.

அந்த வெள்ளைக்காரர் யாரென்று பின்னாளில் வாசித்துத்தான் அறிந்துகொண்டேன். அவர் மார்க் அந்தனி லிஸ்டர் பிரேஸ்கேடில். இலங்கை இடதுசாரி வரலாற்றைப் படித்தவர்களுக்குப் பரிச்சயமான பெயர். கட்சி வரலாறுகளில் அவர் ஆளுநரைத் தோற்கடித்த வீரர். சட்டப் புத்தகங்களில் அவர் பெயரில் ஒரு வழக்கு இருக்கிறது. அவர் பேச்சைக் கேட்கக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து அவரது கதையைச் சொல்லலாம் என்று தோன்றியது.

பிரேஸ்கேடில் 1912ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். தாயார் இனா மார்ஜரி லிஸ்டர், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர், தொழிற்கட்சிக்காரர். தாயும் மகனும் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். மகன் அங்கே ஓவியம் படித்தார், பண்ணை வேலை பழகினார், இளம் கம்யூனிஸ்ட் அமைப்பில் சேர்ந்தார். 1936இல் தேயிலைத் தொழில் பழகுவதற்காக இலங்கைக்குக் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 24கூட ஆகவில்லை.

அவர் வந்து சேர்ந்த இடம் மாத்தளைக்கு அருகே மடுல்கலையிலிருந்த ரெலுகாஸ் தோட்டம். இன்றைய நிர்வாக எல்லையின்படி மடுல்கலை கண்டி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் நக்கிள்ஸ் மலைத்தொடரின் இந்தப் பக்கத்து மனிதர்களும் அந்தப் பக்கத்து மனிதர்களும் ஒரே வழியால் வந்தவர்கள்தான். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோணியில் வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பிள்ளைகள். வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் போக, மிஞ்சியவர்கள் இந்த மலைகளில் ஏறினார்கள்.

சின்னத்துரையாகப் பழக வந்த இளைஞனுக்குக் குதிரை, பங்களா, வேலையாட்கள் எல்லாம் கிடைத்திருக்கும். சில வருடங்களில் பெரிய துரையாகவும் ஆகியிருக்கலாம். பிரேஸ்கேடில் பங்களாவைவிட லயங்களைத்தான் அதிகம் பார்த்தார். பத்தடிக்குப் பத்தடி அறைக்குள் ஒரு குடும்பம் வாழ்வதையும், பிள்ளைகள் படிக்கப் போகாமல் மலைக்குப் போவதையும், நோய் வந்தவர்கள் நடத்தப்பட்ட விதத்தையும் பார்த்தார். தோட்டத்தில் ஒரு தொழில் தகராறு வந்தபோது தொழிலாளர் பக்கம் நின்றார். துரை அவரை வேலையிலிருந்து நீக்கி, அவுஸ்திரேலியாவுக்குத் திருப்பி அனுப்பவும் ஏற்பாடு செய்தார். பிரேஸ்கேடில் அந்தக் கப்பலில் ஏறவில்லை. கொழும்புக்குப் போய் லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1935 டிசம்பரில் தொடங்கப்பட்ட அந்தக் கட்சிக்கு அப்போது வயது ஒன்றுதான்.

அன்றைய தோட்டம் எப்படி இருந்தது என்று இன்றைய வாசகருக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டம் முழுவதும் கம்பனியின் தனிச்சொத்து. லயமும் அதற்குள்தான். ஆகவே தொழிலாளியின் வீட்டுக்கு விருந்தாளி வருவதும் சட்டப்படி கம்பனியின் நிலத்துக்குள் ஒருவர் நுழைவதுதான். துரைக்குப் பிடிக்காதவர் வந்தால் அத்துமீறல் என்று பொலிசில் பிடித்துக் கொடுக்கலாம். ஒரு மனிதன் தன் வீட்டு வாசலில் யாரோடு பேசலாம் என்பதை இன்னொருவன் தீர்மானித்தான்.

இந்தப் பூட்டை முதலில் உடைத்தவர் தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர். 1920களின் தொடக்கத்தில் புடவை வியாபாரி போல வேடமிட்டு, தோளில் துணி மூட்டையுடன் தோட்டங்களுக்குள் போனார். லயங்களில் துணியை விரித்து வைத்துக்கொண்டு தொழிலாளரோடு பேசினார். பிறகு தேசநேசன், தேசபக்தன் என்று பத்திரிகைகள் நடத்தினார். அவரது மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடி ஆட்களைச் சேர்த்தார். புடவை விற்பவனை உள்ளே விட்டவர்கள், கருத்துச் சொல்பவனைத்தான் வாசலில் நிறுத்தினார்கள். துரைமார் எதற்குப் பயந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

பிரேஸ்கேடிலுக்கு வேடம் போட வழியில்லை. தோலின் நிறமே அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். துரைமாருக்கு அவர்மீது இருந்த ஆத்திரத்துக்கும் அதுவே காரணம். கறுப்பு மனிதன் குறை சொன்னால் கிளர்ச்சிக்காரன் என்று தள்ளிவிடலாம். தங்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவன், தங்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவன் வெளியே வந்து பேசினால் அதை எப்படித் தள்ளுவது?

1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம் நடந்தது. இரண்டாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் வந்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாய வந்து பேசினார். கலாநிதி என்.எம். பெரேரா பிரேஸ்கேடிலை மேடையில் அறிமுகம் செய்தார். மலைமேல் தெரிந்த வெள்ளைப் பங்களாக்களைக் காட்டி, அங்கே இருப்பவர்களின் சுகம் எங்கிருந்து வருகிறது என்று அவர் விளக்கினார். தோட்டங்களுக்குள் நடப்பது தனக்குத் தெரியும், அதை வெளியே கொண்டுவருவேன் என்றும் சொன்னார்.

கூட்டத்தைக் கவனிக்க வந்திருந்த தோட்டத்துரை ஒருவரின் விபரக் குறிப்பு வரலாற்று நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. பிரேஸ்கேடிலின் முகமும் நின்ற விதமும் பேசிய தொனியும் பயமுறுத்துவதாக இருந்தன என்று அதில் கண்டிருக்கிறது. அவர் ஒவ்வொரு வசனத்தை முடிக்கும்போதும் தொழிலாளர்கள் சாமி, சாமி என்று குரல் எழுப்பினார்கள் என்றும் இருக்கிறது. பெரட்டுக்களத்தில் தலையைக் குனிந்து துரைக்குச் சொல்லும் அதே சொல்தான். நாவலப்பிட்டியில் அந்தச் சொல் வேறு ஒருவரை நோக்கிப் போய்விட்டது. குறிப்பை எழுதிய துரையை உறுத்தியது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

துரைமார் ஆளுநர் சேர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸிடம் போனார்கள். ஆளுநர் நாடுகடத்தல் உத்தரவில் கையெழுத்திட்டார். ஏப்ரல் 22ஆம் திகதி அது பிரேஸ்கேடிலிடம் கொடுக்கப்பட்டது. 24ஆம் திகதி மாலை 6 மணிக்குள் அவர் கப்பல் ஏறி நாட்டை விட்டுப் போக வேண்டும். குற்றச்சாட்டு இல்லை. விசாரணை இல்லை. அவர் போகவில்லை. கட்சித் தோழர்கள் அவரை மறைத்து வைத்தார்கள். பொலிஸ் நாடெங்கும் தேடியது. மே தினத்தன்று கொழும்பில் ஊர்வலம் போனவர்கள், பிரேஸ்கேடில் வேண்டும், ஸ்டப்ஸைத்தான் நாடுகடத்த வேண்டும் என்ற வாசகங்களைத் தூக்கிப் பிடித்தார்கள்.

மே 5ஆம் திகதி இரண்டு காரியங்கள் நடந்தன. அரசாங்க சபையில் என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் ஆளுநருக்கு எதிராகக் கண்டனப் பிரேரணை கொண்டு வந்தார்கள். உள்துறைக்குப் பொறுப்பான அமைச்சரைக் கேட்காமல் ஆளுநர் உத்தரவிட்டது தவறு என்ற அந்தப் பிரேரணைக்கு ஆதரவாக 34 வாக்குகள், எதிராக 7 வாக்குகள். அதே நாள் காலிமுகத்திடலில் ஐம்பதாயிரம் பேர் கூடினார்கள் என்கிறார்கள். கொல்வின் ஆர். டி சில்வா தலைமை. பண்டாரநாயக்கவும் ஏ.ஈ. குணசிங்கவும் பேசினார்கள். தேடப்பட்ட மனிதர் திடீரென்று அந்த மேடையில் தோன்றினார். சுற்றி நின்ற பொலிஸாரால் அவ்வளவு சனத்துக்குள் அவரைத் தொட முடியவில்லை.

அந்த மேடையில் பேசியவர்களில் இரண்டு தமிழ்ப் பெயர்கள் உண்டு. ஒருவர் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸை நடத்திய ஹண்டி பேரின்பநாயகம். மற்றவர் மலையகத்து மீனாட்சி அம்மாள். வடக்கும் மலையகமும் வேறு வேறு உலகங்களாகக் கிடந்த காலம் அது. ஒரு வெள்ளைக்காரன் பேசுவதற்கான உரிமைக்காக யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரும் தோட்டத் தொழிலாளருக்காக உழைத்த ஒரு பெண்ணும் ஒரே மேடையில் ஏறியதை நாம் ஏன் நம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை என்று நான் யோசித்ததுண்டு.

ஓரிரு நாட்களில் பிரேஸ்கேடில் புதுக்கடையில் கைதானார். சமசமாஜிகள் ஆட்கொணர்வு மனுவோடு தயாராக இருந்தார்கள். அன்றைய முதல்தர சிவில் சட்டத்தரணி எச்.வி. பெரேரா பணம் வாங்காமல் வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரஹாம்ஸ் தலைமையில் மூன்று நீதியரசர்கள் விசாரித்தார்கள். 1896ஆம் ஆண்டு அரசாணை ஒன்றின் கீழேயே ஆளுநர் உத்தரவிட்டிருந்தார். அந்த அதிகாரம் போருக்கும் பெரும் கலவரத்துக்கும் உரியது, நாடு அமைதியாக இருக்கையில் ஒருவர் பேசினார் என்பதற்காக அதைப் பயன்படுத்த முடியாது என்று நீதிமன்றம் தீர்த்தது. மே 18ஆம் திகதி பிரேஸ்கேடில் விடுதலையானார். முடிக்குரிய ஆளுநர் முடிக்குரிய நீதிமன்றத்திலேயே தோற்றார்.

இதுவரைக்கும் எல்லா நூல்களிலும் இருக்கிறது. அப்பாயியின் கோபத்தை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தபோது எனக்கு இரண்டு விடயங்கள் பட்டன.

முதலாவது, வழக்கு முழுவதும் பேசியவரைப் பற்றியது. அவரை நாடுகடத்தலாமா கூடாதா என்பதே கேள்வி. கேட்டவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் துரைமாரின் முறைப்பாட்டின் அடியில் இருந்தது கேட்டவர்களைப் பற்றிய ஓர் அபிப்பிராயம்தான். கொழும்பில் படித்தவர்களுக்கு முன்னால் பிரேஸ்கேடில் பேசியபோது நாடு குடிமுழுகிப் போகவில்லை. தோட்டத்துத் தமிழர் முன்னால் பேசியதும் அது ஆபத்தாகிவிட்டது. சொன்னதை அப்படியே நம்பிக் கிளம்பிவிடுவார்கள், நல்லது கெட்டது பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் என்ற நினைப்பு அது. அப்பாயி ஆத்திரப்பட்டது இந்த நினைப்புக்கு எதிராகத்தான். அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் சந்தையில் ஏமாற்றுகிறவன் யார், கோயிலில் பொய் சொல்கிறவன் யார் என்று அவருக்குத் தெரியும். ஒரு மேடைப் பேச்சை மட்டும் எடைபோடத் தெரியாதா?

உண்மையில் அந்தச் சனங்கள் எடைபோடத்தான் செய்தார்கள். நாவலப்பிட்டியில் குரல் எழுப்பியவர்கள் எல்லோரும் சமசமாஜக் கட்சியில் சேர்ந்துவிடவில்லை. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வந்தபோது பெரும்பாலானோர் அதன் பக்கம் போனார்கள். சிலர் சமசமாஜிகளின் தொழிற்சங்கத்தில் நின்றார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சூட்டுக்குப் பலியான கோவிந்தன் அப்படி நின்ற தொழிலாளிகளில் ஒருவர். கேட்பது வேறு, கீழ்ப்படிவது வேறு. தடை போடுகிறவர்கள்தான் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். தங்கள் சொல்லைக் கேட்டவர்களிடம் கீழ்ப்படிதலை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்?

இரண்டாவது, தீர்ப்புக்குள் இருந்த ஒரு வாசல். அமைதிக் காலத்தில் முடியாது என்றது நீதிமன்றம். அப்படியானால் அவசர காலத்தில்? பத்து வருடத்தில் பதில் வந்தது. 1947இல் பொதுப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1983இலிருந்து 2011 ஆகஸ்ட் வரை, இடையிடையே நீக்கப்பட்டாலும், அவசரகாலமே எங்கள் வழக்கமான காலமாக இருந்தது.

பிரேஸ்கேடிலுக்காக நின்ற தலைவர்களும் இந்தச் சோதனையில் தப்பவில்லை. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை சமசமாஜிகள் எதிர்த்தார்கள். அதை மறக்கக்கூடாது. ஆனால் 1970இல் என்.எம். பெரேரா நிதியமைச்சர், கொல்வின் பெருந்தோட்டத்துறை அமைச்சர். அந்த ஆட்சியில்தான் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அந்த ஆட்சியில்தான், 1974இல், அவசரகால விதியின் கீழ் தவச நிறுவனத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். சிங்களப் பத்திரிகைகளோடு எங்கள் தினபதியும் சிந்தாமணியும் நின்று போயின. காலிமுகத்திடலில் தலைமை தாங்கியவர் அந்த அமைச்சரவையில் இருந்தார். வெளியே நிற்கும்போது கேட்கும் உரிமையை, உள்ளே போனபின் கொடுப்பது கஷ்டம் போலிருக்கிறது.

அடுத்தவரை மட்டும் சொல்லி முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. 1977 ஆகஸ்ட் வன்செயலில் நாங்கள் தோட்டத்தை விட்டு ஓடி வவுனியாவுக்குப் போனோம். பிறகு காடு வெட்டி வன்னியில் குடியேறினோம். எங்களிடம் ஒரு பழைய வானொலி இருந்தது. இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை கேட்பது அப்பாவுக்கு இரவுச் சாப்பாடு மாதிரி. போர் நெருங்க நெருங்க அதன் ஒலியைக் குறைத்துக்கொண்டே வந்தார். 1998இல் அரசாங்கம் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை கொண்டு வந்தது. நாங்கள் இருந்த பக்கத்திலும், எந்தப் பத்திரிகையை வீட்டில் வைத்திருக்கலாம், யாருடைய கட்டுரையைப் பற்றிப் பேசலாம் என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். எங்களுக்காக உயிரைக் கொடுக்க வந்தவர்கள் அவர்கள். அதனாலேயே அவர்களிடம் திருப்பிக் கேட்பது துரையிடம் கேட்பதைவிடக் கடினமாக இருந்தது. அயலில் இருந்த ஒருவர் வேறுவிதமாகப் பேசியதற்காகத் துரோகி என்று பெயர் வாங்கினார். அவர் சொன்னது சரியா பிழையா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நாங்கள் அவரைக் கேட்கவே இல்லை.

அப்போது அப்பாயி உயிரோடு இருந்தார். வானொலியை அப்பா போர்வைக்குள் வைத்துக் கேட்பதைப் பார்த்துவிட்டு, இங்கேயும் கங்காணி வந்துட்டானா என்று ஒருதரம் கேட்டார். வீட்டில் எல்லோரும் அவரை வாயை மூடச் சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

2009இல் முட்கம்பி போட்ட முகாமுக்குள் எங்களை அடைத்தபோது அப்பாயி இல்லை. அங்கே எங்களோடு பேச வருகிறவர்களை வாசலில் நிறுத்தினார்கள். எங்கள் கதையை வெளியார் கேட்க முடியவில்லை, வெளியார் கதையை நாங்கள் கேட்க முடியவில்லை. மாத்தளைத் தோட்டத்தின் சட்டம் வன்னியில் கூடாரங்களுக்கு நடுவில் திரும்ப வந்திருந்தது.

பிரேஸ்கேடில் நெடுநாள் இங்கே இருக்கவில்லை. வழக்கில் வென்ற அதே 1937இல் நாட்டை விட்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். தானாகப் போனார், யாரும் துரத்தவில்லை. 1999இல் அங்கே காலமானார். இலங்கையில் அவர் கழித்தது இரண்டு வருடத்துக்கும் குறைவு. அவருக்கு எங்கள் மொழி தெரியாது. அவரது கம்யூனிசக் கொள்கையில் எனக்கு உடன்பாடில்லாத பலது உண்டு. அவர் பேச்சை நேரில் கேட்டிருந்தால் நான் சாமி என்று குரல் எழுப்பியிருப்பேனா என்பது சந்தேகம்தான். ஆனாலும் போய் நின்று கேட்டிருப்பேன்.

போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு மாத்தளைக்குத் திரும்பி வந்து இருக்கிறேன். இங்கேயும் சரி, வன்னியிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் சரி, ஒருவர் வாயைத் திறக்கும் முன்பே அவர் எந்தப் பக்கம் என்று விசாரிக்கிற பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. பக்கம் பிடிக்கவில்லையென்றால் பேச்சைக் கேட்பதில்லை, கேட்பவரையும் விடுவதில்லை. இதற்கு இப்போது கங்காணியும் தேவையில்லை, சட்டமும் தேவையில்லை.

சில மாதங்களுக்கு முன் ஊரில் ஒரு கூட்டம். பேச வருபவர் எங்கள் ஆளில்லை என்று சொல்லிச் சிலர் போக வேண்டாமென்றார்கள். என் பேத்தி என்னிடம் வந்து, போகலாமா தாத்தா என்று கேட்டாள். என்னிடம் கேட்காதே, போய்க் கேட்டுவிட்டு வந்து பிழை எதுவென்று எனக்குச் சொல் என்று அனுப்பினேன். வந்து இரண்டு பிழை சொன்னாள். ஒன்று பேசியவருடையது. மற்றது என்னுடையது.